வெளியே ஜிப் வைத்த கூடாரம்

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் என்னோடு வாக்குவாதம் செய்கிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாளெல்லாம் குனிந்து பல்செட் செய்கிறவள் நீ. நடுநடுவே எழுந்து நிமிர்ந்துகொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். நான் கூப்பிட்டால் நீ ஃபோனை எடுப்பதில்லை. பதிவு அலுவலகத்தில் நானும் அவரும் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எடுப்பதில்லை. கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காவது உறையைப் பிரிப்பாய் என்று ஒரு நப்பாசை. உன் கோபத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அறுபத்திரண்டு வயதில் அம்மா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் எந்த மகளுக்கும் தொண்டையில் முள் சிக்கத்தான் செய்யும்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நாங்கள் இருவரும் மலையேறப் போகிறோம். தேசியப் பூங்காவுக்குள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஏரி இருக்கிறதே, நம் பழைய வீட்டுச் சுவரில் வரைபடம் ஒட்டியிருந்தோமே, அந்த ஏரிக்கு. வண்டி போகாது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். வழியில் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும்.

கூடாரம் வாங்கக் கடைக்குப் போனேன். ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். தையலா அது? சோளக்கொல்லைப் பொம்மைக்குக்கூட நான் அப்படித் தைக்கமாட்டேன். "இதுக்குள்ள படுக்கிறதுக்கு மழையிலேயே படுக்கலாம்"னு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, துணி மட்டும் வாங்கி வந்துவிட்டேன். நானே தைக்கிறேன். மெழுகுத் துணி மிஷினில் விலாங்கு மாதிரி வழுக்குகிறது. ஆனாலும் விடுவேனா?

அவரும் உன்னை விசாரித்தார்.

உன் அம்மா


பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்தான். கழுத்து வலி பரவாயில்லை. லேபில் வேலை அதிகம். ஒரு முதியோர் இல்லத்துக்கு மொத்தமாகப் பல்செட் கேட்டிருக்கிறார்கள்; மேசை முழுக்க மெழுகுப் பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கின்றன.

ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடு. கூடாரம், மூட்டை எல்லாம் இந்த வயதில் தேவையா என்று யோசி. விழுந்தால் எலும்பு கூடுவதற்கு மாதக்கணக்காகும்.

உன் மகள்


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

நீ பதில் போட்டதே எனக்குப் பாதி மலை ஏறிய மாதிரி. மாத்திரை தவறாமல் உள்ளே போகிறது, கவலைப்படாதே. நீயும் வேலை மும்முரத்தில் பட்டினி கிடக்காதே.

நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். வருஷா வருஷம் யூனிஃபார்ம் பேண்டைக் கொண்டுவந்து, "இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்க டெய்லர்"னு நிற்பார். ரிட்டையர் ஆன வருஷம் அதே பேண்டோடு வந்து, "இப்போ சுருக்கி விடுங்க"ன்னார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "இத்தனை வருஷம் உக்காந்துக்கிட்டே ஊரைச் சுத்திட்டேன். இனிமே எங்க போனாலும் நடைதான்"னு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் உன் அம்மா கவிழ்ந்தாள், போ!

இப்போது மூட்டைக்குள் செங்கல் அடுக்கிக்கொண்டு தினம் காலையில் தெருவைச் சுற்றி வருகிறோம். எதிர்வீட்டு வாத்தியார் பயந்துபோய், "வீடு காலி பண்றீங்களா?"ன்னு கேட்டார். "ஆமா சார், கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போறோம்"னு இவர் முகத்தில் சிரிப்பே காட்டாமல் பதில் சொல்கிறார். இன்னமும் வாத்தியார் அதை நம்புகிறார்.

கூடாரம் முடிந்துவிட்டது. கூடத்தில் விரித்து உள்ளே உட்கார்ந்து டீ குடித்தோம். ஒரு தையல் பிசகவில்லை. வழியனுப்ப நீ வந்தால் எனக்குக் கால் இன்னும் வேகமாக நடக்கும்.

உன் அம்மா


மார்ச் 28

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன். அதை நம்பு.

ஆனால் இதற்கு மேல் மென்று முழுங்க முடியவில்லை. சொல்லிவிடுகிறேன். நீ யாரைக் கல்யாணம் செய்துகொண்டாய் என்பதுகூட எனக்கு ஆறிவிடும். அந்த ஏரி அப்பாவுடையது. சுவரில் அந்தப் படத்தை ஒட்டியது அப்பா. என்னைத் தூக்கிப்பிடித்து அந்த நீலப் புள்ளியைத் தொடவைத்தது அப்பா. ரிட்டையர் ஆனதும் போகலாம் என்று வருஷம்தோறும் சொல்லிக்கொண்டே இருந்து, போகாமலே போய்விட்டார். அவர் போக ஆசைப்பட்ட இடத்துக்கு நீ இன்னொருவரோடு போகிறாய். உலகத்தில் வேறு மலையே இல்லையா?

வழியனுப்ப வரமாட்டேன்.

உன் மகள்


ஏப்ரல் 30

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுத ஒரு மாதம் ஆனது மனசு சரியில்லாததால். எழுதி எழுதிக் கிழித்தேன். நீயும் சரியாகத் தூங்கியிருக்கமாட்டாய் என்று தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், கேள். உன் அப்பாவுக்கு மலை என்றாலே ஆகாது. தபால் ஆபீசிலிருந்து வந்தால் அந்தச் சாய்வு நாற்காலி, பக்கத்தில் ரேடியோ, கையில் காபி. அதுதான் அவருக்குச் சொர்க்கம். முக்குக் கடைக்கு உப்பு வாங்கப் போகச் சொன்னால்கூட, "நாளைக்கு உப்பில்லாமச் சாப்பிட்டுப் பார்ப்போமே"ன்னு சொல்லும் மனுஷன்! ஏரி ஆசை என்னுடையது. கல்யாணமான புதிதில் நான்தான் அடம்பிடித்தேன். என் வாயை அடைக்கப் படத்தை வாங்கி ஒட்டினார். வருஷா வருஷம் நான் பரணிலிருந்து பையை இறக்குவேன். "ரிட்டையர் ஆனதும்"னு சொல்லி அவர் ஏற்றிவிடுவார். எனக்குக் கோபம் வரும். பிறகு காபியை ஆற்றிக் கொடுத்துச் சமாதானம் செய்வார், சிரித்துவிடுவேன். அப்படிப்பட்ட நல்ல மனுஷரோடு வாழ்ந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் மனசில் அது அப்பாவின் கனவாகவே பதிந்துபோயிருக்கிறது. இத்தனை நாள் நானும் திருத்தவில்லை. செத்துப்போனவரிடமிருந்து ஒரு கனவைப் பிடுங்குவதா என்று இருந்துவிட்டேன். ஆனால் கால் நடக்கும்போதே நடக்க வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் நானும் நாற்காலிதான்.

நீ வராவிட்டாலும் கிளம்புகிறோம். காட்டில் ஃபோன் எடுக்காது. மே கடைசியில் திரும்பி வந்ததும் முதல் வேலையாக எழுதுகிறேன். என்மேல் கோபமாகவே இரு, ஆனால் வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா


ஜூன் 12

மதிப்பிற்குரிய ஐயா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதுவரை உங்களுக்கு நான் எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியம் வரும் என்றும் நினைக்கவில்லை.

மே கடைசியில் எழுதுகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஜூன் பாதியாகப் போகிறது. அம்மா சொன்னால் சொன்ன நாளுக்குச் செய்துவிடுவாள். ஒரு ஜாக்கெட்டைக்கூட அவள் நாள் தள்ளிக் கொடுத்ததில்லை. ஃபோன் அணைந்தே கிடக்கிறது. நேற்று வேலையில் கவனமில்லாமல் ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்லைக் கோணலாகப் பதித்துவிட்டேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
டெய்லரம்மாவின் மகள்


ஜூன் 17

அன்புள்ள பல் டாக்டரம்மாவுக்கு,

டிரைவர் எழுதுகிறேன். முதலில், அம்மா சௌக்கியம், பரிபூரண சௌக்கியம். இதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கீழே வாருங்கள். ஃபோன் ஓடையில் விழுந்து உயிரை விட்டுவிட்டது. உங்கள் அம்மாவுக்கு வலது கை மணிக்கட்டில் சின்ன விரிசல், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை. 'அவகிட்ட சொன்னா, நான் அப்பவே சொன்னேன்ல என்பா, கட்டுப் பிரிச்சதும் நானே எழுதிக்கிறேன்' என்று என் வாயையும் கட்டிப்போட்டிருந்தார். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கண் கலங்கி, "எழுதுங்க"ன்னு என்னை உட்காரவைத்திருக்கிறார். இனி வருவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என் சரக்கு.

அன்பு மகளுக்கு, நான் நலம். உன்னைப் பயமுறுத்தியதற்கு மன்னித்துக்கொள். மலையில் பாசிப்பாறை ஒன்றில் கால் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டேன்.

(முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். அங்கே பாசியும் இல்லை, பாறையும் இல்லை. நடந்தது இது. முதல் நாள் சாயங்காலம் கூடாரம் போட்டோம். பார்க்க மாளிகை. உள்ளே போய் வாசலை மூடப் பார்த்தால் ஜிப்பில் இழுக்கிற பிடியே இல்லை. பிடி வெளியே இருக்கிறது! வெளியே மட்டும் இருக்கிறது! ஏன் என்று கேட்டேன். "காலமெல்லாம் பேண்டுக்கு ஜிப் வெச்ச கை இது. பேண்டுக்குள்ள இருந்துக்கிட்டு யாராவது ஜிப் போடுவாங்களா?"ன்னு என்னையே மடக்கினார். வீட்டில் டீ குடித்தபோது வாசலை மூடிப் பார்க்காதது இரண்டு பேரின் புத்திசாலித்தனம்.)

அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை, ரொம்ப நேரமாக எழுதுகிறார். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ரொட்டி, முட்டை, சூப் எல்லாம் இருந்தது.

(வாசலைத் திறந்துவைத்துப் படுத்தால் கரடி விருந்துக்கு வரும் என்று பூங்காக் காவலர் சொன்னார். அவரே வெளியிலிருந்து ஜிப்பை மூடி, "விடிஞ்சதும் வந்து திறந்து விடறேன்"னு போய்விட்டார். விடிந்தது. ஆள் வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு அவசரம். தரை விளிம்பில் நுழைந்து வெளியேறலாம் என்றால் ஊசி நுழைய இடமில்லாமல் தைத்திருக்கிறார். "கத்தரிக்கோல் குடுங்க, ஒரு ஓரமா வெட்டிடறேன்"னேன். "என் தையல்ல கத்தரி வெச்சீங்கன்னா நான் உங்களோட பேசவே மாட்டேன்"னு சொல்லிவிட்டார். வேறு வழி? கூடாரத்தோடு எழுந்து நடக்கலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். முளைக்குச்சிகள் பிடுங்கிக்கொள்ள, இரண்டு பேரும் மூட்டையாகச் சரிவில் உருண்டு ஒரு மரத்தில் முட்டி நின்றோம். அப்போது காவலர் ஓடிவந்து ஜிப்பைத் திறந்து, "இது கூடாரமா, பார்சலா?"ன்னு கேட்டார். மணிக்கட்டு விட்டது அந்த உருட்டலில். கூடாரத்தில் ஒரு தையல் விடவில்லை. அதில் உங்கள் அம்மாவுக்கு இன்னமும் பெருமை.)

முதலுதவி அறை நர்ஸ் கட்டை வைத்துக் கட்டிவிட்டாள். கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தோம். ஏரி நன்றாக இருந்தது. வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இடது கையால்: அம்மா


ஜூன் 17, தனித்தாள்

டாக்டரம்மா,

அம்மா குளிக்கப் போயிருக்கிறார். மாவுக்கட்டு நனையாமல் குளிப்பதற்கு நேரம் பிடிக்கும், அதற்குள் எழுதிவிடுகிறேன். "ஏரி நன்றாக இருந்தது, வேறு விசேஷம் இல்லை" என்று எழுதவைத்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நர்ஸ் கீழே இறங்கச் சொன்னார். மேலேயா கீழேயா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "மேலே"ன்னார். பயணி சொல்கிற இடத்துக்குத்தானே டிரைவர் போக வேண்டும். இரண்டு மூட்டையையும் நான் சுமந்தேன். ஒரு கை கழுத்தில் தொங்க, ஒரு கையில் தடியோடு என்னைவிட வேகமாக ஏறினார்.

கடைசி மேட்டைத் தாண்டியதும் தண்ணீர் தெரிந்தது. கத்தினார் பாருங்கள் ஒரு கத்து! மான் ஒன்று பயந்து ஓடியது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். அப்புறம் தண்ணீரைப் பார்த்து, "வந்துட்டேங்க. பாத்தீங்களா? இங்க சாய்வு நாற்காலி எல்லாம் கிடையாது, கல்லுதான். நீங்க வந்திருந்தா முனகிக்கிட்டே இருந்திருப்பீங்க"ன்னார். முதலில் என்னிடம்தான் பேசுகிறார் என்று பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். "பொண்ணு நல்லா இருக்கா. என்மேல கோவமா இருக்கா, ஆனா நல்லா இருக்கா"ன்னு அடுத்துச் சொன்னபோதுதான் யாரிடம் பேசுகிறார் என்று புரிந்தது.

எழுந்து போய்விட்டேன். புருஷன் பெண்டாட்டி பேசும் இடத்தில் எனக்கென்ன வேலை? மறு கரைக்குப் போய் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "டிரைவர், டீ போடுங்க"ன்னு குரல் வந்தது, வந்தேன்.

உங்கள் அப்பாவின் இடத்தில் உட்கார நான் வரவில்லை அம்மா. எனக்கு உட்காரவே பிடிக்காது. குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது.

டிரைவர்


ஜூலை 3

அன்புள்ள

இதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாள் வீணாகிவிட்டது. அப்படியே விட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். முதலில், நான் டாக்டர் இல்லை, பல்செட் செய்கிறவள்.

இரண்டாவது, உங்களைத் திட்ட வேண்டும். எலும்பு விரிசல் விட்டவளை மலை உச்சிக்கு ஏற்றியிருக்கிறீர்களே, உங்களுக்கு அறிவு இருக்கிறதா? அவள்தான் முயலுக்கு மூன்று கால் என்பாள், நீங்கள் பெரியவர், எடுத்துச் சொல்ல வேண்டாமா? பயணி சொன்னால் பள்ளத்தில் விடுவீர்களா? இரண்டு மூட்டையை ஒரே முதுகில் சுமந்தீர்களாம். உங்களுக்கு வயது என்ன, இருபதா? உங்கள் முதுகுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் காட்டில் யார் யாரைத் தூக்குவது? கரடியா? ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது விஷயத்தை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. தனித்தாளை லேபில் வைத்துத்தான் படித்தேன். பக்கத்து மேசைக்காரர், "ஏம்மா, மெழுகு கண்ணுல பட்டுடுச்சா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா என்னைத் தூக்கி அந்த நீலப் புள்ளியைக் காட்டும்போது, "இதுதான் உங்கம்மா ஏரி, ஒரு நாள் உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்"னுதான் சொல்வார். இத்தனை வருஷமாக 'கூட்டிட்டுப் போகணும்' மட்டும்தான் எனக்கு நினைவில் நின்றிருக்கிறது. யாரை என்பது விட்டுப்போயிற்று.

நீங்கள் மறு கரைக்குப் போய் நின்றதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் திட்டினேன். இதை அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

பல்செட் செய்கிறவள்


ஆகஸ்ட் 5

அன்பு மகளுக்கு,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. என் கையாலேயே எழுதுகிறேன், பார். இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய். மழை பெய்கிறது. கடையில் வேலை குவிந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

ஒன்றே ஒன்று. ஜூலையில் உன்னிடமிருந்து அவருக்கு ஒரு உறை வந்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி இருக்கிறார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். மறுநாளே தானாகப் போய் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். என்னவோ என்று பதறிப்போனேன். ஒன்றுமில்லையாம். "ஒன்னுமில்லாததுக்கு எதுக்கு எக்ஸ்ரே?"ன்னு கேட்டேன். "வீட்ல திட்டுறாங்க"ன்னு வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். நான் எங்கே திட்டினேன்? அவர் பேச்சு எனக்குப் புரியவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


ஆகஸ்ட் 14

அம்மாவுக்கு,

நீ குணமானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதி முடியாது. எனக்கும் கழுத்து வலி குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

ஆனால் கை குணமான பிறகு நீ எழுதிய கடிதத்தில் ஒன்றுமே இல்லையே அம்மா. மழை பெய்கிறதாம், வேலை குவிந்திருக்கிறதாம். இனிமேல் நீ சொல்லு, அவர் எழுதட்டும். எனக்குப் பொய்யும் வேண்டும், அடைப்புக்குறியும் வேண்டும்.

அதுவரை பொறுக்கவும் முடியவில்லை. முதியோர் இல்லத்துப் பல்செட் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டோம். ஒரு வாரம் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். பெரிய பையாக ஒன்றுதான் இருக்கும். நீ பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதே. வந்தால் என்னைப் பார்த்ததும் அழுவாய், நானும் அழுவேன், கண்டக்டர் வேடிக்கை பார்ப்பார். அவரை மட்டும் அனுப்பு. ஆட்டோ எதுவும் சொல்ல வேண்டாம். நீ வீட்டிலேயே இரு அம்மா, நாங்கள் பேசிக்கொண்டே நடந்து வந்துவிடுகிறோம்.

உன் மகள்